களிமண்ணுக்குள் திறந்த கண்கள்

நான் எதையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. தராசைப் பார்க்காமல் தக்காளி வாங்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. என் கைதான் அந்தக் களிமண்ணைத் தொட்டது.

இராஜபாளையத்தில் நானும் இம்மானுவேலும் கூட்டாக வேஷ முகமூடி செய்து வந்தோம். தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள். கட்டுகிறவர் கண்ணை மூடி உட்கார, முகத்தில் ஈரமான மாவுக்கட்டுத் துணியைப் போர்த்தி அச்சு எடுப்போம். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் அவர் முகம் அப்படியே வந்துவிடும். அதன்மேல் களிமண் அப்பி அரக்கனையோ காளியையோ செதுக்குவோம். முகமூடி முகத்தோடு பொருந்த அதுதான் வழி.

கூமாப்பட்டி சிவபாண்டி போனில் அரக்கன் முகம் கேட்டார். பட்டாளத்துக்காரர். லீவில் வந்து அளவு கொடுப்பதாகச் சொன்னார்.

ஒரு மதியம் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இம்மானுவேல் களிமண் வாங்க மதுரைக்குப் போயிருந்தான். கூமாப்பட்டியா என்று கேட்டேன். தலையாட்டினார். வேறு பேச்சில்லை.

மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும். அன்றைக்கு ஆகவில்லை… ஜில்லென்றே இருந்தது. மருந்துக்கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று மனதுக்குள் திட்டினேன். அச்சைக் கழற்றியதும் அவர் முகம்கூடக் கழுவாமல் போய்விட்டார்.

சாயங்காலம் இம்மானுவேல் களிமண்ணோடு வந்தான். குளத்து மண் காய்ந்தால் வெடிக்கும். அதனால் நாங்கள் வாங்குவது எண்ணெய் கலந்த களிமண். அது காயவே காயாது. ஆனால் கந்தகம் சேர்ந்திருந்தால், முகமூடி வார்க்க மேலே ஊற்றும் சிலிகான் இறுகாமல் பிசுபிசுக்கும். கந்தக வாடை அடிக்கிறதா என்று, அவன் வாங்கி வந்ததை மூக்கில் வைத்து முகர்ந்தேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

பிளாஸ்டர் முகத்தின்மேல் களிமண் அப்பி, புருவம், கோரைப்பல் எல்லாம் வைத்து, கண்களைக் குழியாகத் தோண்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனோம். காலையில் பார்த்தால்… குழி இருந்த இடங்கள் இரண்டும் வெளியே புடைத்திருந்தன. சரிசெய்தேன். மறுநாளும் அதே. பூட்டு உடையவில்லை. சாவி என்னிடமும் அவனிடமும் மட்டுந்தான் இருந்தது.

நான் முகர்ந்து பார்த்த கோபத்தில் இவன்தான் கெடுக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டேன். சாவியைக் கேட்டேன்.

"ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். எம்மேலயா சந்தேகம்?"

கையை நீட்டினேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். எட்டு வருஷக் கூட்டு. ஆனாலும் நான் தடுக்கவில்லை.

மறுநாள் இரண்டு சாவியும் என் பையில். கதவைத் திறந்தேன்.

கண்கள் முன்னைவிடப் பெரிதாகப் புடைத்திருந்தன.

மேலே கைரேகை எதுவும் இல்லை. அப்படியென்றால்… உள்ளிருந்து.

பிச்… என்று ஒரு சத்தம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கண் இன்னும் கொஞ்சம் எழும்பியது.

களிமண்ணை மொத்தமாகப் பிய்த்தெடுத்தேன்.

அடியில் பிளாஸ்டர் முகம். கண் மூடித்தான் இருந்தது.

களிமண்ணைத் திருப்பினேன்.

உள்பக்கம்… விழி பதிந்திருந்தது. இமைமயிர் மேலே தூக்கியிருந்தது.

திறந்த கண்.

இம்மானுவேலுக்குப் போன் போட்டேன். வந்தான். பார்த்தான். மன்னிப்புக் கேட்க நினைத்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. ஒட்ட வெட்டிய முடியோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"நாந்தாண்ணே சிவபாண்டி. இன்னைக்குத்தான் லீவுல வந்தேன். அளவு எடுத்துருவமா?"

இவரை நான் பார்த்ததே இல்லை.

அவர் பிளாஸ்டர் முகத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய அண்ணன் ஜெயபாண்டியாம். வருஷா வருஷம் அரக்கன் வேஷம் கட்டியவர். போன வருஷம் மோட்டார் ரூமில் கரண்ட் அடித்துச் செத்துப்போனாராம். அவர் பாதியில் விட்ட நேர்த்திக்கடனை முடிக்கத்தான் தம்பி வேஷம் கட்டுகிறார்.

"எங்கண்ணனுக்குக் கண்ண மட்டும் மூடவே முடியலண்ணே. எம்புட்டோ அமுக்கிப் பாத்தோம். தொறந்தபடிதான் தூக்கிட்டுப் போனோம்."

இம்மானுவேல் செருப்பை மாட்டினான். தப்பு என் மேல்தான், போகாதே என்றேன். திரும்பிப் பார்க்காமல் போனவன் இன்றுவரை வரவில்லை.

இப்போது கடையில் நான் மட்டுந்தான் வேலை செய்கிறேன்… நான் மட்டுந்தான் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.