பிள்ளை வேண்டி இருந்த விரதங்கள்

எனக்குத் தாமதமான கல்யாணம். அதற்கப்புறம் ஏழு வருடமாகியும் பிள்ளை இல்லை. நான் ராஜபாளையத்தில் நூல்மில் வேலைக்குப் போகிறவன். மனைவி பேண்டேஜ் துணி மடிக்கப் போவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். மனைவிக்கு ரத்தம், ஸ்கேன், கர்ப்பக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். எனக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான். அதற்கான டப்பாவைக் கையில் கொடுத்த நர்ஸின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இரண்டு பேரிடமும் ஒரு குறையும் இல்லை, இப்படிக் காரணம் பிடிபடாத தம்பதிகள் நிறையப் பேர் உண்டு என்றார் டாக்டரம்மா. எனக்கு நிம்மதி. மனைவிக்கு ஏமாற்றம். ஏதாவது ஒன்று பழுதென்றால் சரி செய்யலாமே என்பது அவள் எண்ணம்.

அடுத்து, மாதத்தில் எந்த நாட்களில் சேர்ந்திருப்பீர்கள் என்று கேட்டார். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் சொன்னாள். வெள்ளி அவளுக்கு விரதம், சனி எனக்கு. சஷ்டி, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி கிடையாது. கார்த்திகையில் நான் மாலை போட்டால் தை வரை கிடையாது. மிச்ச நாளில் எனக்கு நைட் ஷிப்ட் இல்லாமல் இருக்க வேண்டும்.

“இம்புட்டு விரதமும் எதுக்கும்மா?”

“பிள்ளை வேணும்னுதான் டாக்டர்.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எங்களுக்கும் வந்துவிட்டது. இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முட்டை வெளிவரும் நாட்களில் எந்த விரதமும் வேண்டாம் என்றார். அப்படியும் தங்கவில்லை என்றால், மாத்திரை கொடுத்து, விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் பார்க்கலாமாம்.

விரதங்களை எல்லாம் நேர்ந்தது என் அம்மா. எங்கள் ஊர் மம்சாபுரத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். அவளிடம் யார் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கார்த்திகை நெருங்கவும் அம்மா துளசி மாலையையும் கறுப்பு வேட்டியையும் எடுத்து வைத்துவிட்டாள்.

“இந்த வருசம் மாலை போடலைம்மா.”

“ஏம்ல?”

நான் கறுப்பு வேட்டியை எடுத்து மறுபடியும் மடித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அடுப்படியில் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்த மருமகளையும் பார்த்தாள்.

“சரிலே. சாமிக்குச் சொன்னது சொன்னதுதான். மாலைய விடு. வெள்ளி, சனி, சஷ்டி அம்புட்டையும் நான் இருந்துக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா சாப்பிடுங்க.”

அப்படியே இருந்தாள். நாங்கள் அவள் முன்னால் சங்கடத்தோடு சாப்பிட்டோம். சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிகிச்சைக்குப் போனோம். முதல் தடவை கூடிவரவில்லை. மனைவி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். இரண்டாம் தடவை கரு தங்கியது.

சேதி சொன்ன அன்று அம்மாவுக்குச் சஷ்டி விரதம். எழுந்து கையைக் கழுவிவிட்டு, எனக்கும் ஒரு தட்டு வையுங்கள் என்றாள்.