அவசரம் லேது

திருப்பதிக்குப் போகிறவர்கள் எல்லாரும் மலை ஏறத்தான் போகிறார்கள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வருஷம் நாங்கள் எத்தனையோ தடவை திருப்பதிக்குப் போனோம், ஒரு தடவைகூட மலை ஏறவில்லை. கோவிந்தராஜர் கோயிலுக்குப் போகிற கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. எங்கள் யாத்திரை அந்த வாசலோடு சரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தக் கடையில் சாமியும் கொடுக்கவில்லை, பூசாரியும் கொடுக்கவில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் புத்தூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். பாஸ் பண்ணினால் சித்தூரில் டீச்சர் டிரெயினிங், தவறினால் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று நைனா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். அத்தை மகன் கெட்டவர் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு டீச்சராக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையில் அவள் என்னைச் சுவரோரம் உட்காரவைத்துப் பாடம் நடத்தி, குச்சியால் அடியும் கொடுப்பாள்.

கரும்பலகை எழுத்து அவளுக்கு மங்கலாகிப் போனதும் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் அந்தக் கடையில் கண்ணாடி வாங்கினோம். போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கியவள், படியே இல்லாத தெருவில் படி ஏறுகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவள் வாந்தி எடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, தான் எழுதியது ஒன்று, அவர்கள் போட்டுக் கொடுத்திருப்பது வேறொன்று, போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாற்றிக்கொள்ளுங்கள் என்பது சொல்ல எவ்வளவு சுலபமான வார்த்தை!

நைனா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவார். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று அம்மா என்னைத் தடுத்துப் பார்ப்பாள். ரயிலில் ஏறாமல் நான் ஓய மாட்டேன் என்பதால் விட்டுவிடுவாள். ரேணிகுண்டாவில் இறங்கி வண்டி மாறிப் போய் நின்றால், கடையில் முதலாளி இல்லை என்பார்கள். முதலாளி இருக்கிற நாளில் கண்ணாடி பொருத்துகிறவர் கல்யாணத்துக்குப் போயிருப்பார். இருவரும் இருக்கிற நாளில் கூட்டமாக இருக்கும். புது மொட்டையில் சந்தனம் பூசிய யாத்ரீகர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்து, கண்ணாடியில் முகம் பார்த்துச் சிரித்து, வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு ஸ்டூல் வரும், தண்ணீர் வரும். விற்ற பொருளைத் திருப்பிக்கொண்டு வந்தவர்களுக்கு ஓரமாக ஒரு தூண்தான் இருந்தது. அங்கேயே நிற்போம்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிக்கிற சமயம் அது. திருத்தணி அந்தப் பக்கம் போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது என்று ஜனங்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்த குமாஸ்தா, கண்ணாடி விற்ற அன்று எங்களிடம் நல்ல தமிழில் இனிக்க இனிக்கப் பேசியவர்தான். திருப்பிக் கொண்டுபோனதும் தமிழை அடியோடு மறந்துபோனார். மெட்ராஸிலிருந்து சரக்கு வரவில்லை, எல்லைத் தகராறு என்பதைக்கூடத் தெலுங்கில்தான் சொன்னார். ஒரு சோடிக் கண்ணாடிச் சில்லுக்காக இரண்டு ராஜ்யங்கள் மல்லுக்கட்டுகின்றன என்று நான் நம்பினேன்.

நைனா தனக்குத் தெலுங்கு அத்துபடி என்று நினைத்துக்கொண்டிருந்தவர். தமிழ் வார்த்தைக்குப் பின்னால் ஒரு ‘லு’ சேர்த்தால் வேலை முடிந்தது. “கண்ணாடிலு சரிகா லேதுலு” என்று அவர் ஆரம்பித்ததும் குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா தெலுங்குப் பிள்ளைகளோடு படித்தவள். பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்து, டாக்டர் சொன்னதைத் தெலுங்கில் கடகடவென்று சொன்னாள். அதற்குப் பிறகு குமாஸ்தா நைனாவின் பக்கம் திரும்பவே இல்லை. உங்க அப்பாவுக்குத் தெலுங்கு வராதா என்று அவளையே கேட்டார். கடையிலிருந்த மொட்டைகள் எல்லாம் திரும்பி நைனாவைப் பார்த்தன. அப்போதும் நாளைக்கு வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பிளாட்பாரத்தில் நைனா வெடித்தார். “நான் கல்லு மாதிரி நின்னுக்கினு கீறேன், வயசுப் பொண்ணு உனுக்கு இன்னா அங்க பேச்சு? இனிமே அந்தக் கடையில வாயத் தொறந்த, பாரு!”

அக்கா அதன் பிறகு அங்கே வாய் திறக்கவில்லை.

பரீட்சை நெருங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் எழுத்து இரண்டாகத் தெரிகிறது, கழற்றினால் எழுத்தே தெரியவில்லை என்று அக்கா அம்மாவிடம் அழுதாள். மறுநாளே நைனா லீவு போட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு முதலாளியே கல்லாவில் இருந்தார். நைனா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போனார். கோயிலுக்குள் போகிறவர்கள்தான் அப்படிப் போவார்கள்.

“பரீட்சலு அண்டி. சாலா அவசரம், சாலா அவசரம்” என்று கையைக் கூப்பினார்.

முதலாளி கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வேட்டி நுனியால் துடைத்தார். கூட்டில் வைத்து மூடி நைனாவின் பக்கமாகத் தள்ளினார். “அவசரம் லேது. அலவாட்டு அவுதுந்தி” என்றார். பிறகு அடுத்த மொட்டையைக் கூப்பிட்டார்.

நைனாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் அக்காவின் தோளைத் தட்டினார். “முதலாளின்னா முதலாளிதான். அவசரமில்லையாம், ஆயிடுமாம். புதுக் கண்ணாடி வந்தா சொல்லி அனுப்புவாரு. அதுவரிக்கும் இதையே போட்டுக்கினு இரு. என் தெலுங்கு அவுருக்கு நல்லாப் புரியுது பாத்தியா?”

அக்கா “சரி நைனா” என்றாள். ரேணிகுண்டாவில் எங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தார். தன் பங்கையும் அவள் எனக்கே கொடுத்துவிட்டு, புத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடையிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. அக்கா ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பரீட்சை எழுதினாள். பேப்பரில் அவள் நம்பர் வரவில்லை. நைனா திட்டவில்லை, அத்தைக்கு ஆள் அனுப்பினார். கல்யாணப் பந்தலில் யாரோ படிப்பைப் பற்றிக் கேட்டபோது, “கண்ணாடி வர்றதுக்குள்ள பரீட்ச வந்துடுச்சி, கடைக்காரன் இன்னா பண்ணுவான் பாவம்” என்று அந்த முதலாளிக்காகப் பரிந்து பேசினார்.

பிறகு என்னைத் தெலுங்குப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு நாள் வாத்தியார் பாடத்தில் ‘அவசரம்’ என்ற வார்த்தைக்குத் தேவை என்று பொருள் சொன்னார். தெலுங்கில் அவசரம் என்றால் அவசரம் இல்லையாம். அவசரம் லேது என்றால் தேவை இல்லை. அலவாட்டு அவுதுந்தி என்றால் பழகிப்போய்விடும். மாற்ற வேண்டியதில்லை, போட்டுப் போட்டுப் பழகிக்கொள் என்று அந்த மனுஷன் எங்களைத் துரத்தியிருக்கிறான். அதற்குத்தான் நைனா கும்பிட்டுவிட்டு வந்தார். வகுப்பில் உட்கார முடியாமல் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்து அழுதேன். நைனாவிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அக்காவிடம் கேட்க எனக்குப் பல வருஷம் ஆனது. அரக்கோணத்தில் அவள் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் தெலுங்கு தெரியுமே, அன்றைக்கே புரியவில்லையா என்றேன்.

“புரியாம இன்னா? ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கடையிலேர்ந்து நைனா செத்துக்கினு வெளிய வருவாரு. அன்னிக்கி ஒரு நாளுதான் சிரிச்சிக்கினு வந்தாரு. அத எப்பிடிடி நான் சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் வேறு கடைக்காவது போயிருப்போமே, நீ டீச்சர் ஆகியிருப்பாயே என்று கத்தினேன்.

அவள் முறத்தைத் தட்டிக் கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“வேற கடையிலயும் நைனா தெலுங்குலதானேடி பேசியிருப்பாரு.”