அம்மா பேரில் ஒரு ஃபைல்

சரவணம்பட்டியில் என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு ஃபைலைத் திறக்கப் பார்த்தாள். 'பெர்மிஷன் டினைட்' என்று திரையில் வந்ததும் உச்சுக்கொட்டினாள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

தொண்ணூறுகளில், பத்தாவது முடித்த விடுமுறையில், காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் யூனிக்ஸ் படிக்கச் சேர்ந்தேன். அன்னூரிலிருந்து என்னைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. அதனால் அம்மாவும் கூட வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சார், ஃபைலின் உரிமையாளர் யார், அதை வேறு யாரெல்லாம் படிக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இதுல நானு ஆருங்க?" என்றாள் அம்மா.

சார் சிரிக்கவில்லை. அவளுக்கும் ஒரு லாகின் போட்டுக் கொடுத்தார். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி ஒரு ஃபைல் உண்டாக்கினாள். பட்டியலைப் பார்த்தால், உரிமையாளர் என்ற இடத்தில் 'சரசு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் தோட்டம், வீடு எல்லாமே அப்பா பேரில்தான். அம்மா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சார் சொல்லித்தந்த 'சிஎச்மோட்' கட்டளை கொடுத்து, வேறு யாரும் திறக்க முடியாதபடி அதைப் பூட்டினாள். நான் என் லாகினிலிருந்து திறந்து பார்த்தேன். முடியவில்லை.

"என்னம்மா எழுதியிருக்கற?"

"அது என்ற ஃபைலு கண்ணு, எனக்கு மட்டுந்தான்!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை எனக்கு முன்பே கிளம்பி பஸ் ஸ்டாப்பில் நின்றவள் அவள்தான்.