திருட்டில்லாத ஊரின் கறிவிருந்து

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஊரில் திருட்டு என்பதே கிடையாது. நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. சென்னிமலைக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமல் போனாலும் போகும் என்கிற மாதிரி ஒரு மேட்டுக்காட்டு ஊர். அங்கே நடுநிலைப் பள்ளியில் டீச்சர் உத்தியோகம் கிடைத்து, கோயமுத்தூரிலிருந்து பெட்டி படுக்கையோடு போய் இறங்கினேன். பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் கூட வந்தார். வந்த அன்றைக்கே கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பூட்டைப் பார்த்த பார்வையில், நான் அவர் வாயையே பூட்டிவிட்டேன் போலிருந்தது.

"ஏனுங்க டீச்சர், இந்த ஊர்ல யாரைத் திருடன்னு நெனச்சுப் பூட்டறீங்க?"

பூட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த வாரமே கொடியில் காயப்போட்டிருந்த என் ரோஸ் நிறச் சுங்குடிச் சேலை காணாமல் போனது. "ஆடி மாசக் காத்துங்க, என்ன பண்றது" என்று அதே அம்மா உச்சுக் கொட்டினார். மாரியம்மன் பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனால், காற்று அந்தச் சேலையை மூன்றாவது வீட்டு மருமகளின் இடுப்பில் கொசுவம் வைத்துப் பாங்காகக் கட்டிவிட்டிருந்தது. நான் அவளையே பார்த்தேன். அவள் கொஞ்சமும் அசராமல், "உங்ககிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுல்லீங்க?" என்றாள்.

பிறகுதான் ஊரின் கணக்கு பிடிபட்டது. தேங்காய் போனால் அணில். கோழி போனால் கீரி. கிணற்று மோட்டாரின் காப்பர் ஒயர் போனால், அணிலும் கீரியும் ஒயர் தின்னாது என்பதால், வெளியூர்க்காரன். யாராவது கோபம் தாங்காமல் போலீசுக்குப் போகக் கிளம்பினால் பஞ்சாயத்துத் தலைவர் அவர் தோளில் கைபோட்டு, "நமக்குள்ள பேசிக்கலாமுங்க. ஊர் பேரு கெட்டா நாளைக்கு எவன் நம்மூருக்குப் பொண்ணு கொடுப்பான்?" என்பார். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பையன் நிற்கிறவன் அதற்கு மேல் பேசமாட்டான். இப்படியே பேசிப் பேசி, ஸ்டேஷனில் எங்கள் ஊர்ப் பெயரே ஏறாமல் போயிற்று.

இந்த நேரம் பார்த்து டவுன் ஸ்டேஷனுக்கு ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். சீக்கிரம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று துடிக்கிற வயசு. எங்கள் ஊரிலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை என்று தெரிந்ததும் மனிதர் பூரித்துப்போனார். ஊர் எல்லையில், "திருட்டு இல்லாத ஊர்" என்று மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்தில் ஒரு போர்டு வைக்க ஏற்பாடு செய்தார். போர்டு திறக்கும் அன்று ஊருக்கே கறிவிருந்து என்று தலைவர் அறிவித்தார்.

பார்த்தால் அன்றைக்குக் கிருத்திகை. சென்னிமலை முருகனுக்கு விரதம் இருக்கிறவர்கள் ஊரில் பாதிப்பேர். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்புறம், போலீஸ் போர்டுக்காகப் போடும் விருந்து விரதத்தில் சேராது என்று முடிவுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்த முடிவை முதல் ஆளாக ஏற்றுக்கொண்டார். நான் மட்டும் அவலையும் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு வீட்டில் கிடந்தேன். வறுத்து அரைத்த மசால் வாசம் தெருவெல்லாம் அடித்தது. அன்றைக்கு நான் விரதத்தைக் காப்பாற்றியது பக்தியால் இல்லை, வீம்பால்.

எங்கள் பள்ளியைப் பெருக்க ஒரு அம்மா வருவார். வீடு காலனியில். பள்ளி வேலை முடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விடுவார். அவருடைய மகள் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தாள். முந்தின வருஷம் அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அப்போது அவர் கருப்பண்ணசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். கிடாய்க்குட்டியை அவளேதான் வளர்த்தாள். கறுப்புக் கிடாய், முதுகில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. அவள் பள்ளிக்கு வந்தால் அதுவும் பின்னாலேயே வந்து வேலியோரம் நிற்கும். நான் நடத்திய வரலாற்றுப் பாடத்தைப் பிள்ளைகளைவிட அது கவனமாகக் கேட்டது.

விருந்துக்கு முந்தின நாள் அந்தக் கிடாயைக் காணவில்லை. தாயும் மகளும் காடு மேடெல்லாம் தேடினார்கள். விருந்து முடிந்த மறுநாள் அந்த அம்மா பள்ளிக்கு ஓடி வந்து, என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ் ஸ்டாப்புல தோல் யாவாரி சைக்கிள்ல பாத்தனுங்க டீச்சர். என்ற கெடாத் தோலுங்க. அந்த வெள்ளையை எனக்குத் தெரியாதுங்களா? எங்க வாங்குனீங்கன்னு கேட்டா, உங்கூர்ல தான் நேத்து விருந்தாமான்னு சிரிக்கறாருங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஆடு போனாப் போகுதுங்க. அது கருப்பனுக்கு நேர்ந்து உட்டதுங்க. எங்கடி என்ற கெடான்னு சாமி கேட்டா நான் எதைக் கொடுப்பேன்? புள்ளையைத் தானுங்க கேக்கும்."

எனக்குச் சாமி பயம் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சுவரைக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"டீச்சரம்மா, நேத்துத்தான் போர்டு வெச்சேன். இன்னும் பெயிண்ட்கூடக் காயலை. அதுக்குள்ள திருட்டுன்னு வந்து நின்னா எப்படி? ஆடு எங்கயாவது மேயப் போயிருக்கும்."

"தோல் தனியா மேயப் போயிருச்சுங்களா சார்?" என்று கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் விஷயம் திரும்பியிருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. பால் கறக்கிற மாட்டைக்கூட 'தள்ளி நில்லுங்க' என்பார்கள். காலனிப் பக்கம் திரும்பினால் மட்டும் அந்த 'ங்க' எங்கேயோ விழுந்துவிடும்.

"இத பாரு, உன்ற கெடாயை யாரும் திருடல" என்றார் தலைவர். "அதுவா வந்து பந்தலுக்குப் பக்கத்துல நின்னுச்சு. வந்த ஆட்டைத் தொரத்த முடியுமா? அதுவுமில்லாம, வெட்டறப்ப நான் மனசுக்குள்ள கருப்பனை நெனச்சுக்கிட்டுத்தான் வெட்டச் சொன்னேன். உன்ற நேர்த்தி முடிஞ்சுபோச்சு. போய் நிம்மதியா இரு."

கூட்டம் தலையாட்டியது. திருட்டையும் தீர்த்துவைத்து, நேர்த்திக்கடனையும் தீர்த்துவைத்த தலைவரை நானும் ஒரு நிமிஷம் வாய் பிளந்து பார்த்தேன்.

அந்த அம்மா அழவில்லை. "கருப்பனை நெனச்சீங்க சரிங்க. அதை வளத்தவளை நெனச்சீங்களா?" என்று கேட்டார். "அப்ப நான் வர்ற அமாவாசைக்குக் காசு வெட்டிப் போட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

காசு வெட்டிப் போடுவதென்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பறிகொடுத்தவர் ஈரச் சேலையோடு அம்மன் முன்னால் போய் நின்று, ஒரு காசை உளி வைத்து இரண்டாக வெட்டிப் போடுவார். எடுத்தவன் குடும்பம் அந்தக் காசு போல ஆகும். எடுத்தவனுக்கு மட்டும் என்றில்லை. தெரிந்து மறைத்தவனுக்கும், கூட உட்கார்ந்து தின்றவனுக்கும் அதில் பங்கு உண்டு. போலீசுக்குச் சாட்சி வேண்டும், எஃப்.ஐ.ஆர். வேண்டும். அம்மனுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் காபியைத் தொடவில்லை. "தெரியாமத் தின்னாக்கூடவா புடிக்கும்?" என்று கேட்டார்.

"எத்தனை துண்டு தின்னீங்க?"

"எலும்புதான் நெறையா வந்துச்சு" என்றார் பாவமாக.

ஊரில் எல்லா வீட்டிலும் இதே பேச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், என் கொடியில் ரோஸ் நிறச் சுங்குடிச் சேலை தொங்குகிறது. துவைத்து, கஞ்சி போட்டு, ஓரம் மட்டும் லேசாகச் சாயம் போயிருந்தது. காற்று திசை மாறி அடித்திருக்கிறது. மாரியம்மன் கோயில் படியில் ஒரு சுருள் காப்பர் ஒயர் கிடந்ததாம். யாரோ ஒருவருடைய பித்தளை அண்டா கிணற்று மேட்டில் தானாக வந்து உட்கார்ந்திருந்ததாம். இதைவிடப் பெரிய வேடிக்கை காலனியில். அந்த அம்மாவின் குடிசை முன்னால் வேலி நெடுக ஆடுகள். வெள்ளாடு, செம்மறி, கிடாய், பெட்டை, ஒரு சினை ஆடு. எந்த ஆடு எந்தப் பாவத்துக்கு வந்து நிற்கிறது என்று அதைக் கட்டியவனுக்குத்தான் வெளிச்சம்.

தலைவர் ஆள் அனுப்பினார். போனதற்கு மேலேயே வந்துவிட்டதே, காசு வெட்டுவதை விட்டுவிடலாமே என்று. அந்த அம்மா ஒரு கறுப்புக் கிடாயை மட்டும் அவிழ்த்துத் தன் பக்கம் கட்டிக்கொண்டு, மற்றதையெல்லாம் விரட்டிவிட்டார்.

"எனக்குப் போனது ஒண்ணுங்க. இதைக் கருப்பனுக்கு வெட்டிப் படையல் போடறேன். அவரு கெடாயைத் திருட்டுல தின்னவங்க, எங்க ஊட்டு முன்னால வந்து உக்காந்து, இந்தப் படையல்ல ஒரு வாய் தின்னாத்தான் தோஷம் கழியுமுங்க. வராதவங்களுக்குக் காசு வெட்டிக்கறேன்."

இப்படி ஒரு சாங்கியத்தை அதற்கு முன்னும் நான் கேள்விப்பட்டதில்லை, அப்புறமும் கேள்விப்பட்டதில்லை. அந்த இடத்தில் நின்று அவராகவே உண்டாக்கியதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஊர் இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்தது. காலனி ஆட்டை ருசித்துத் தின்ற வாய்தான். ஆனால் காலனியில் உட்கார்ந்து, அவர்கள் பானையில் வெந்ததை, அவர்கள் கையால் போடத் தின்பதா? தூக்குப்போசியில் கொடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்டுப் பார்த்தார்கள். போதாது. இலையையாவது நாங்களே கொண்டுவருகிறோம் என்றார்கள்.

"கருப்பன் இலையைக் கேக்கலீங்க. வாயைத்தான் கேக்குது" என்று பதில் வந்தது.

படையல் அன்று ஞாயிற்றுக்கிழமை. உச்சிவேளையில் நான் என் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தேன். ஒருத்தர் சோளக்காட்டுக்குள் புகுந்து போனார். இன்னொருத்தர் கைலாகு கொடுக்க ஆளில்லாத கிழவரைப் போல ஓடைப்பள்ளத்தில் இறங்கி ஏறினார். ஒருத்தர் கையில் மண்வெட்டி, தண்ணீர் கட்டப் போகிறாராம். எல்லாரும் தனித்தனியாகப் புறப்பட்டு, அந்த அம்மாவின் குடிசைக்கு முன்னால் இருந்த கருப்பண்ணசாமி வேப்பமரத்தடியில் ஒன்றாக வந்து சேர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்களாம். விருந்துக்கே போகாத சிலரும் வந்திருந்தார்களாம். எதற்கும் இருக்கட்டும் என்று.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு போனேன். மரத்தடியில் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், பக்கத்து வீட்டு அம்மா, மூன்றாவது வீட்டு மருமகள், நடுவில் குனிந்த தலையோடு என் வீட்டுக்காரர். கடைசி இலையில், வேட்டி கட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசி, அடையாளம் தெரியக்கூடாதென்று வந்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

நானும் ஓரமாக உட்காரப் போனேன். அந்த அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க டீச்சர் வந்தீங்க? நீங்கதான் திங்கலையே." பிறகு என் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "திங்காதவங்க யாருங்க இங்க வருவாங்க? நல்லாப் பாத்துக்குங்க. இத்தனை பேருங்க."

பார்த்தேன். ஸ்டேஷனில் யார் மேல் சந்தேகம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்காமலேயே வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் பாடம் படித்த பிள்ளைதான் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காமாலையில் மஞ்சளாகிக் கிடந்த கண்கள் இப்போது பளிச்சென்று இருந்தன. தலைவர் மருந்து விழுங்குவது போல ஒரு துண்டை விழுங்கிவிட்டு, இலையை மூடுவதற்குக் கை வைத்தார். அவள் கரண்டியோடு அவர் முன்னால் நின்றாள்.

"போதுமுங்க அம்மணி" என்றார், நிமிராமல்.

அவள் இன்னும் இரண்டு துண்டு அள்ளி அவர் இலையில் வைத்தாள்.

"கூச்சப்படாமச் சாப்பிடுங்க. இது நாங்க கொடுக்கறதுங்க."