தோள்வாரைப் பற்றிய ஒரு வரி

அந்த வரியை அன்று நான் வாசித்தேனா, இல்லையா?

என் கணவர் விமான மெக்கானிக். ஜவ்வாது மலையடிவாரத்து வேர்க்கடலைக் காடுகளுக்கு மருந்து தெளிக்க ஒரு முதலாளி பழைய சின்ன விமானம் வைத்திருந்தார். அதில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட். எங்காவது மோதினால் விமானியின் தலை நேராக முன்பலகையில் இடிக்கும். அதற்காகத் தோளைப் பிடித்துக்கொள்ளும் வார்களை வரவழைத்தார்கள். கூடவே நான்கு பக்கத்துக்கு ஆங்கிலக் குறிப்பும் வந்தது.

கணவருக்கு ஆங்கிலம் ஓடாது. நான் பி.யூ.சி. படித்தவள். விமானம் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கம் வந்தபோது எங்கள் ஒன்றரை வயது மகள் ஒரு போல்ட்டை வாயில் போட்டுக்கொண்டாள். தாளைக் கீழே வைத்துவிட்டு, விரலை விட்டு அதை எடுத்தேன். அவள் அழுது ஓய்ந்த பிறகு மறுபடி வாசித்தேன். எந்த இடத்திலிருந்து?

வாரின் பின்முனையைத் தோள் உயரத்தில், அல்லது சற்று மேலே மாட்ட வேண்டும். தாழ்வாக மாட்டினால் மோதும்போது தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கிவிடும். இதுதான் அந்த வரி. கணவரோ அதை இருக்கைக்குப் பின்னால் தரையோடு போகும் இரும்புக் குழாயில் மாட்டினார்.

"மேல இன்னா இருக்குது? வெறும் தகரம். இதான் கெட்டி" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

ஆவணியில் ஒருநாள் மலையைத் தாண்டும்போது என்ஜின் நின்று, விமானம் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சாமைக் கொல்லையில் விழுந்தது. விமானியை ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று, கூட வந்த மலைக்காரர் அதிசயப்பட்டார். முதுகெலும்பு நசுங்கிவிட்டது, இனிக் கால் வராது என்றார் டாக்டர்.

பார்க்கப் போனோம். விமானிக்கு என் அப்பா வயது. படுத்தபடியே சிரித்தார்.

"உன் வூட்டுக்காரரு அந்த வாரப் போடலன்னா என் மண்ட செதறு தேங்காதாம்மா. அடுத்த பிளேனுக்கும் இதேமாரி போடச் சொல்லி மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து தாளைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது அந்த வரி. மறுநாளே கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். அன்று இதை வாசித்தாயா என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அடுத்த விமானத்தில் தோளுக்கு மேலே குறுக்காக ஒரு குழாயைப் பற்றவைத்து, அதில் மாட்டினார்.

மகளுக்குச் சட்டை மாட்டும்போது அவள் தோளில் கை வைக்கக் கூசுகிறது. சில நாள், நான் வாசித்துத்தான் இருப்பேன், வேறு வழியில்லாமல் அவர்தான் கீழே மாட்டினார் என்று தோன்றும். உடனே, பழியை அவர்மேல் தள்ளுகிறேனோ என்றும் தோன்றும்.

விமானி மாதம் ஒரு கார்டு போடுகிறார். ஒவ்வொன்றிலும் வாருக்கு நன்றி. வார் அவர் உயிரைக் காத்தது பொய்யில்லை. மீதியை நான் சொல்ல வேண்டுமா? சொன்னால் அது அவருக்காகவா, என் நிம்மதிக்காகவா? நடக்க முடியாதவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வாசகர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்: அப்படிப் படுத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவாரா?