ஒத்திகை வெள்ளத்தில் போன கிட்டங்கி

ஓய்வூதியக்காரனை மறுபடி கச்சேரி மண்டபத்துக்குக் கூப்பிட்டால் அவன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போவான். நானும் போனேன். கூப்பிட்டவர், கிளிநொச்சி மாவட்டக் கச்சேரியில் எனக்குக் கீழே எழுதுநராகத் தொடங்கி, இப்போது அனர்த்தப் பிரிவில் பெரிய கதிரையில் இருப்பவர்.

"சேர், படையினரின்ர வழங்கல் பகுதிக்கு வெள்ள ஒத்திகை ஒண்டு வைக்கிறம். சாமான் ஏத்தி இறக்கிற அதிகாரிகளுக்குப் பயிற்சி. எங்கட தண்ணி எந்தப் பக்கம் ஓடுமெண்டு நீங்கள் சொன்னால்தான் அவைக்கு விளங்கும்."

"எங்கட கிட்டங்கிக் கதை என்ன மாதிரி?"

"அது முடிஞ்ச கதை சேர். படையினர் விடுறதெண்டு ஒத்துக்கொண்டிட்டினம். காலபோக நெல் அறுவடைக்கு முன்னம் பூட்டுத் திறப்பு உங்கட கையில."

நெல் மூடை அடுக்கும் அந்தக் கிட்டங்கி உருத்திரபுரத்தில் வயல் செய்யும் எங்கள் கமக்கார அமைப்பினுடையது, நான் செயலாளர். சண்டை முடிந்ததிலிருந்து அது படையினரின் சாமான் அறை. எங்கள் நெல் தார் வீதியில் காயும். வானம் இருட்டினால் வியாபாரி சொன்ன விலைக்குப் போகும். ஒரு கூரை இருந்தால் விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம். இதை நான் உரிய அதிகாரிகளுக்கு, உரிய மொழிகளில், உரிய பிரதிகளுடன் பல தடவை எழுதியிருந்தேன்.

மண்டபத்தில் மேசைகளைச் சேர்த்து மாவட்ட வரைபடத்தை விரித்திருந்தார்கள். தீப்பெட்டிகள் லொறிகள், சோடா மூடிகள் படகுகள். இளம் அதிகாரிகள் சுற்றி நிற்க, நடுவர் செய்திகளை வாசித்தார். குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, பாலம் மூழ்கியது, சனம் பள்ளிக்கூடத்தில் என்று. ஒவ்வொரு செய்திக்கு முன்னும் "பயிற்சி, பயிற்சி" என்று சொல்ல வேண்டும், வெளியே கேட்பவர்கள் உண்மையென்று பயந்துவிடாமலிருக்க. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. அங்கே பேசுவது எதுவும் வெளியே செல்லுபடியாகாது என்று நான் அதற்குப் பொருள் கொண்டேன்.

பயிற்சிக்கு வந்த மேஜர் தன் தீப்பெட்டிகளை எல்லாம் பட்டணத்தில் அடுக்கினார். வான்கதவு திறந்ததும் அரிசி தண்ணீருக்கு இந்தப் பக்கம், பசி அந்தப் பக்கம். அவர் விழித்துக்கொண்டு நிற்க, என் பழைய எழுதுநர் என்னிடம் குனிந்தார்.

"சேர், நீங்களெண்டால் எங்க வைப்பியள்?"

மேட்டில் இருப்பதும், இரண்டு பக்கமும் நல்ல வீதி தொடுவதும், மூடை அடுக்க நிலத்தை உயர்த்திக் கட்டியதும் எங்கள் கிட்டங்கி ஒன்றுதான். வரைபடத்தில் விரலை வைத்தேன். "வெள்ளம் வந்தால் கேளுங்கோ, அந்த நேரத்துக்கு நாங்களே திறந்து தருவம். மற்ற நாளில் அது நெல்லுக்கு" என்றும் தெளிவாகச் சொன்னேன். என் சிங்களம் கடிதத்துக்குத்தான் உதவும், பேச்சுக்கு அல்ல. அதனால் என் பழைய எழுதுநரே மொழிபெயர்த்தார். என் நீண்ட வசனம் மிகவும் சுருங்கித்தான் மேஜரிடம் போய்ச் சேர்ந்தது. சிங்களத்துக்கு அவ்வளவு போதுமாக்கும் என்றிருந்தேன்.

தீப்பெட்டிகள் உருத்திரபுரத்துக்கு நகர்ந்தன. ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. மேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரில் எனக்குக் கோபமில்லை. படிக்க வந்தார், படித்துக்கொண்டு போனார்.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் கிட்டங்கி விடயம் வந்தது. என் பழைய எழுதுநர் எழுந்தார்.

"அந்தக் கட்டடம் வெள்ள நிவாரணத்துக்கு அத்தியாவசியம் எண்டு ஒத்திகையில நிரூபணமாயிட்டுது. ஆகவே இப்ப விடேலாது. கமக்கார அமைப்பின்ர செயலாளரே அதைச் சிபாரிசு செய்தவர்."

சபை முழுவதும் என்னைப் பார்த்தது, அவரைத் தவிர. எழுந்து மறுத்தேன், மறுப்பைக் குறித்துக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன். "நீர் எனக்கு என்ன சொன்னனீர்? நான் அங்க என்ன சொன்னனான்?"

"கோபிக்காதேங்கோ சேர். மேல இருக்கிறவைக்கு அதைத் திருப்பிக் குடுக்க விருப்பமில்லை. காரணம் ஒண்டு தேடித் தா எண்டவை."

"அந்தக் காரணத்தை என்ர வாயிலயிருந்தே எடுத்தீராக்கும்."

"உங்களை விட்டால் ஆர் சொன்னால் சேர் எடுபடும்?" என்றார், என்னைப் புகழ்வதுபோல. "வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

காரணம் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் மறுக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமைப்பின் கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எங்கள் பொருளாளர், மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய ஒரு குடும்பத்துப் பெண், கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"அப்ப ஐயா, வராத வெள்ளத்துக்கு இருக்கிற கிட்டங்கியைக் குடுத்திட்டு வந்திருக்கிறியள்."

பின்வரிசையில் சிரிப்பு. "நல்லகாலம், ஒத்திகையில தீப்பிடிக்கேல்லை. வயலையும் எழுதிக் குடுத்திருப்பார்" என்றது ஒரு குரல்.

மேன்முறையீட்டு நடைமுறையை விளக்கத் தொடங்கினேன். அது எனக்குத் தலைகீழாகத் தெரியும். பாதியில் பொருளாளர் மறித்தார்.

"நீங்கள் இருங்கோ ஐயா. இனிக் கச்சேரிக்கு நான் போறன். எனக்குச் சிங்களமும் வரும், கோவமும் வரும்."

அதைத் தீர்மானமாக முன்மொழிந்தாயிற்று. வழிமொழிய ஆள் வேண்டுமென்றார்கள். என் முகத்துக்காக மற்றவர்கள் முன்வரத் தயங்கினார்கள் போலும். நான் எழுந்து வழிமொழிந்தேன்.