காற்றின் மேல் பழி போடாத அத்தை

என் அத்தையின் வாயில் எப்போதும் ஒரு கிளிப் இருக்கும். துணி உலர்த்தும் கிளிப். மாடியில் ஒரு விரிப்பைக் கொடியில் மாட்டும்போதே அடுத்த விரிப்புக்கான கிளிப் உதடுகளுக்கு நடுவே தயாராக நிற்கும். அந்த நேரத்தில் யாராவது கீழிருந்து கூப்பிட்டால் "ம்ம்" என்பார். மேலே வா, அப்புறம் வா, உன் வேலையைப் பார் எல்லாம் அந்த ஒரு "ம்ம்"மில் அடக்கம். தெருவில் அவருக்குக் கிளிப்பக்கா என்று பெயர். எனக்கு அப்பாவின் அக்கா.

அத்தையுடையது சலவைக்கடை. முன் அறையில் துணி வாங்கிவைக்கும் மேசை. பின் அறையில் துவைக்கும் இயந்திரமும் பிழியும் இயந்திரமும். பிழியும் இயந்திரம் ஓடும்போது சுவரே நடுங்கும். அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தால் நடுக்கம் குறையும் என்பது அத்தையின் நம்பிக்கை. குறைவதில்லை, செங்கல்லும் சேர்ந்து ஆடும். உலர்த்த மட்டும் இயந்திரம் கிடையாது. "வெயில் சும்மாதானே கெடக்கு, அதுக்கு எதுக்குடி கரண்டு?" என்பார். கோடை முழுக்க மொட்டை மாடியில் வெள்ளை வெளேரென்று விரிப்புகள் தொங்கும். மாமா லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிட வண்டியில் இருப்பதே அதிகம் என்பதால் கடையின் முதலாளி, தொழிலாளி, காவல்காரர் எல்லாமே அத்தைதான்.

கடற்கரைச் சாலையில் இருக்கும் விடுதிதான் கடையின் பெரிய வாடிக்கை. அந்தத் துணி வருகிறவரைதான் கடை. அது நின்றால் மேசையைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

சத்தமாகச் சொல்லாத இன்னொன்றும் எங்கள் ஊரில் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் காற்றைக் காரணமாகச் சொல்லமாட்டார்கள். காற்றைத் திட்டுவார்கள், கேலி செய்வார்கள், "இன்னிக்கு அவனுக்கு யார் மேல கோவமோ" என்று கதவை ஒருக்களித்துப் பார்ப்பார்கள். ஆனால் தன் வேலை கெட்டுப்போனதற்கு அதைக் கைகாட்டமாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் முடிதிருத்துபவரின் கடைக்கூரைத் தகடு பறந்துபோனது. பறந்ததைத் தெருவே பார்த்தது. மறுநாள் முடிவெட்டப் போனவர் ஒருவர், "என்னண்ணே, மேல வானம் தெரியுது?" என்றாராம். "உள்ள ஒரே இருட்டு. வெளிச்சத்துக்குக் கழட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கத்தரிக்கோலைத் தட்டினாராம். தபால்காரர் சைக்கிளோடு சாக்கடையில் கிடந்தபோதும் "வேற ஏதோ நெனப்புல வந்துட்டேன்" என்றுதான் எழுந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நம்பியதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை, நம்பாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது புவியியல். காற்றழுத்தத்தைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரின் இந்தப் பழக்கம் எனக்கு விசித்திரமாகத் தெரிந்ததே ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான். என் அறைத்தோழி மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அவளுக்கு எல்லாமே காற்றுதான். பேருந்தைத் தவறவிட்டாலும் காற்று, பால் பொங்கி வழிந்தாலும் காற்று. வாய் கூசாமல் புளுகுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் ஊருக்கு ஒரு முறை போனபோது பார்த்தேன். அங்கே யாராவது தாமதமாக வந்தால், வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே வீட்டுக்காரர் "காத்து அப்படி அடிக்குதே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று உட்காரவைக்கிறார். அவர்களுக்கு அது உபசாரம். அப்படியானால் நாங்கள் செய்வது என்ன? வீம்பா, வெட்கமா?

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த கோடையில் அத்தையின் மாடியில் உதவிக்கு நின்றபோது கேட்டேன்.

"அத்தை, நம்ம ஊர்ல ஏன் யாரும் காத்தைக் காரணம் சொல்றதில்ல?"

அத்தை வாயிலிருந்த கிளிப்பை எடுத்தார். அதுவே பெரிய விஷயம்.

"அதுக்கு வாய் இருக்கா?"

"எதுக்கு?"

"காத்துக்குத்தான். நான் பண்ணலன்னு வந்து சொல்லுமா? திருப்பிப் பேச முடியாதது மேல பழியைப் போடுறது என்னடி பழக்கம்?"

"ஆனா நெஜமாவே காத்துதானே பண்ணுது!"

"பண்ணட்டுமே. அது பண்ணுதுன்னு தெரிஞ்சு கொடியை இறுக்கிக் கட்டாதது யாரு? அந்த நுனியைப் பிடி."

ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டால், "அதை ஒத்துக்கிட்டா வருஷத்துல பாதி நாள் ஊரே லீவு போட்டுடும்மா" என்று சிரித்தார். எனக்கு இரண்டு பதிலும் பிடித்திருந்தது. இரண்டும் போதவில்லை.

மழைக்காலக் காற்றுக்கு எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கு உண்டு. கடல் பக்கமிருந்து வரும், வருவதற்கு முன் ஆகாயம் கறுக்கும். அதற்குத் தோதாகத்தான் மாடியில் கம்பங்களும் முடிச்சுகளும் இருந்தன. கோடையில் காற்று என்பது எங்கள் ஊர் அறியாத ஒன்று. அந்தக் கோடையில் அது வந்தது. நல்ல வெயிலில், மத்தியானத்தில், மலைப் பக்கமிருந்து.

முதலில் எதிர்வீட்டு வாளி ஒன்று தானாக நடந்துபோனது. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாக உப்பின. கடல் காற்றுக்காகப் போட்ட முடிச்சுகள் எதிர்ப்பக்கம் இழுத்ததும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கிளிப்புகள் பட் பட்டென்று தெறித்தன. அத்தை ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கினார், நான் இன்னொன்றைப் பிடித்தேன். அது என் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. விடுதியின் விரிப்புகள் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி, பல் மருத்துவமனையின் மாடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கண்ணில் மண். பக்கத்தில் அத்தை கத்துவது கேட்டது. "மெதுவாடி! பெட்ஷீட்டு போனா போகுது, நீ போயிடாதே!"

எல்லாம் அடங்கிய பிறகு அக்கம்பக்கத்தார் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு விரிப்பு.

"கிளிப்பக்கா, எங்க கொய்யா மரத்துல இது காய்ச்சிருந்துச்சு. உங்களுதான்னு பாருங்க."

"இது எங்க ஏணியில வந்து உக்காந்திருந்துச்சு. காபி வேணுமான்னு கேட்டேன், பதிலே இல்ல."

ரொட்டிக்கடைக்காரர் மாவு ஒட்டிய விரிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, "சுட்டுக் கொடுக்கலாம்னு பாத்தேன், அடுப்புல இடமில்ல" என்றார். வந்தவர்களில் ஒருவர்கூடக் காற்று என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன்.

விரிப்புகள் திரும்பிவிட்டன. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டும். அன்று மாலை விடுதியில் சேர்க்க வேண்டிய துணியை மறுநாள் மதியம்தான் கட்டி எடுத்துக்கொண்டு போனோம்.

விடுதிக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மூட்டையை அவரே கைகொடுத்து இறக்கினார்.

"வாங்கக்கா. நேத்து ராத்திரி ஒருத்தர் விடாம சத்தம் போட்டுட்டாங்க, விரிப்பில்லாம எப்படிப் படுக்கறதுன்னு. நான்தான் ஒவ்வொரு ரூமா போய், காத்து அப்படி அடிச்சுதுங்க, பாவம் அந்தம்மா என்ன பண்ணுவாங்கன்னு சொல்லிச் சமாளிச்சேன். மாடியில நிறைய சேதமோ?"

அத்தை நெளிந்தார். முன்பின் தெரியாத ஒருவர் எல்லோர் முன்னாலும் வைத்துக் கூடாததைக் கேட்டுவிட்டதைப் போல.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"என்னது?"

"தூங்கிட்டேன். எந்திரிக்க நேரமாயிடுச்சு."

மேலாளரின் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஊரில் காற்று இருக்கும்போது காற்றைச் சொல்லாதவர் யாரும் இல்லை. ஆக, சொல்லவில்லை என்றால் காற்று காரணம் இல்லை.

"நான் ரூம் ரூமா போய் உங்களுக்காகக் கெஞ்சிட்டிருந்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்களா?"

"தப்புதான் தம்பி."

"தப்புன்னா? இனிமே உங்களை நம்பி எப்படிக்கா துணி அனுப்புறது? பெரிய ரோட்டுல மெஷின் லாண்டரிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. வர்ற வாரத்துலேர்ந்து அவங்களுக்கே சொல்லிடுறேன்."

அத்தை குனிந்து மூட்டையை அவிழ்த்தார். மூட்டை கட்டி வந்த துணியை மடிக்க ஆரம்பித்தார். கை மட்டும் ஒரே மடிப்பை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காற்று சார், மலைப் பக்கக் காற்று, முடிச்சு எதிர்த்திசையில் அவிழ்ந்துவிட்டது. ஒரே வாக்கியம், கடை பிழைத்துவிடும். ஆனால் அத்தை சொன்னது பொய் என்று மேலாளர் எதிரிலேயே ஆகிவிடும். சட்டென்று என் முழங்கைக்கு மேலே சுருக்கென்றது. அத்தை என் சட்டைக்கையில் ஒரு கிளிப்பை மாட்டியிருந்தார், சதையோடு சேர்த்து.

வேறு ஏதாவது பேச வேண்டும் என்று வாசலைப் பார்த்தேன். விடுதியின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள்தான் இருந்தன.

"சார், உங்க போர்டு எங்க?"

"நேத்து காத்துல போயிடுச்சு" என்றார் மேலாளர், வெகு இயல்பாக.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். வரவேற்பு மேசையில் இருந்த எங்கள் ஊர்ப் பெண் அவசரமாகக் குறுக்கிட்டாள். "இல்லக்கா, பெயிண்ட் அடிக்கறதுக்காகக் கழட்டி வெச்சிருக்கோம்."

"என்ன பெயிண்ட்? அது பறந்துபோய் நடுரோட்டுல விழுந்தப்ப நீதானேம்மா எனக்குக் காட்டினே?"

அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். மேலாளர் அவளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை ஆறுதலாக, "பழைய போர்டுதானே தம்பி. ஆணி துருப்பிடிச்சிருக்கும்" என்றார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச பொண்ணு. நேத்து மத்தியானம் நீயும் மாடியிலதானே இருந்தே? நீ சொல்லு. என்ன நடந்துச்சு?"

நான் அழுத்தத்தையும் திசையையும் வரைபடம் போட்டு விளக்கப் பழகியவள். அவர் எனக்குக் கதவைத் திறந்துவைத்திருந்தார். வாயைத் திறந்தேன்.

"நானும் தூங்கிட்டேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அத்தைக்காகவா, கிளிப் வலித்ததாலா, இல்லை அந்தச் சொல் எனக்குள்ளும் வெளியே வராத இடத்தில்தான் இருந்திருக்கிறதா? மேலாளர் என் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் கயிறு உரசிய கோடு சிவப்பாக, நீளமாக இருந்தது. நான் மூடிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார். பிறகு அத்தையின் தலையைப் பார்த்தார். எத்தனை அலசியும் போகாத மண் வகிட்டில் இருந்தது.

"நல்ல தூக்கம் போலிருக்கு" என்றார்.

"கொஞ்சம் அதிகம்தான்" என்றார் அத்தை.

மேலாளர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, குழப்பமா என்று தெரியவில்லை. புது மொழி ஒன்றைப் பேசிப் பார்ப்பவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சனிக்கிழமை உங்களுக்கு மறுபடி தூக்கம் வரும்னு ரேடியோல சொல்றாங்க. மலைப் பக்கத்துலேர்ந்து. அன்னிக்கு நான் துணி அனுப்பல. ஞாயித்துக்கிழமை அனுப்புறேன். சரியாக்கா?"

"அனுப்புங்க தம்பி. முழிச்சிருக்கேன்."

வெளியே வந்ததும் அத்தை என் சட்டையிலிருந்த கிளிப்பைக் கழற்றினார். அங்கே சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார். "பய பொழச்சுக்குவான்" என்றார். நான் பிழைத்துக்கொள்வேனா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே கொடிகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்தோம். கம்பங்களில் முடிச்சை மலைப் பக்கத்துக்கும் சேர்த்து எப்படிப் போடுவது என்று நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்து கட்டிக் கட்டிப் பார்த்தோம். எதிர்மாடியிலிருந்து வாளிக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளிப்பக்கா, இன்னிக்குத் துவைக்கலையா?"

அத்தையின் வாயில் கிளிப் இருந்தது. எனவே நான்தான் பதில் சொன்னேன்.

"தூக்கமா வருதுக்கா."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் வாளியை எடுத்து உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டார்.